பலகை சொல்லும் பழுது

வேம்பொன்று வீட்டு நிலைக்கு ஆகும் பருவத்தை எய்துதற்கு நாற்பது, ஐம்பது ஆண்டுகள் செல்லும். அதனைத் தறித்து வீழ்த்த ஒரு காலைப்பொழுது போதும். வீழ்த்திய குற்றியைப் பலகையாக அரிய ஒரு மாலைப்பொழுது போதும். அந்த மாலைப்பொழுதிலேதான் ஐம்பது ஆண்டின் பயன் கைக்கு வருவதும் கைதவறிப் போவதும் தீர்மானமாகின்றன. ஓரிடத்தில் ஒன்றே கால் அங்குலமும் மற்றோரிடத்தில் முக்கால் அங்குலமுமாக அலையலையாய் அரியப்பட்ட பலகையை எந்தத் தச்சராலும் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது. இழைத்து இழைத்து மெலிய வைப்பதொன்றே அவர் செய்யக்கூடியது.

முன்னாளில் குற்றியை உயரத் தூக்கி வைத்து, ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயுமாக நின்று பெருவாளை இழுத்தே பலகை அரிந்தனர். பின்னர் மரக்காலைகள் வந்தன. குற்றி லொறியேறி நகருக்குச் செல்ல வேண்டியதாயிற்று. இப்பொழுது மூன்றாவது வழியொன்றும் உண்டு. வாகனத்தின் பின்னே கொழுவி இழுத்துச் செல்லத்தக்க நாடாவாள் இயந்திரம், மரம் விழுந்த வளவிற்கே வந்து அரிந்து கொடுத்துவிட்டுப் போகின்றது. இவ்வகை இயந்திரத்தை உலகெங்கும் பரப்பியவற்றுள் முதன்மையானது வூட்மைசர் என்னும் நிறுவனம். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலே 1982இல் தொடங்கப்பெற்றது. குற்றி அசையாது கிடக்க, வாள் பொருத்திய தலைப்பகுதி தண்டவாளத்தின்மேல் ஊர்ந்து சென்று அரிவதே இதன் அமைப்பாகும்.

இயந்திரத்தை உடையவருக்கு அதனோடு வந்த கைநூல் உண்டு. ஆனால் கூலி கொடுத்து அதனை வரவழைக்கும் குடும்பத்தவர், பலகை பழுதாகும்போது, "மரம் அப்படிப்பட்டது" என்று சொல்லப்படுவதைக் கேட்டு வாய்மூடி நிற்கின்றனர். மரத்தின்மீது பழி போடுவது எளிது; மரம் மறுமொழி சொல்லாது. உண்மையில் பழுது எங்கேயுள்ளது என்பதை, அரிந்த பலகையும் அதன்மேற் கிடக்கும் தூளுமே பெரும்பாலும் சொல்லிவிடுகின்றன. அந்த மொழியை வாசிக்கும் வகையையே ஈண்டு எழுதப் புகுகின்றோம். பௌதிகம் பயிலும் மாணவர்க்கும் இதிலே சுவையான கணக்குகள் சில உள.

முதலில் வாளைப் பார்ப்போம். நாடாவாள் என்பது முனையற்ற எஃகு நாடா. அதன் ஓர் ஓரம் முழுவதும் பற்கள். பரவலாக வழங்கும் ஓர் இயந்திரத்திலே நாடாவின் நீளம் 13 அடி 2 அங்குலம், அஃதாவது ஏறக்குறைய 4 மீற்றர். அகலம் 1¼ அங்குலம். தடிப்போ ஒரு மில்லிமீற்றரைச் சற்றே விஞ்சும். இந்நாடா 19 அங்குல விட்டமுடைய இரண்டு சில்லுகளைச் சுற்றிச் செக்கனுக்கு ஏறக்குறைய 25 மீற்றர் வேகத்தில் ஓடுகின்றது. ஆகவே ஒரு செக்கனில் ஆறு தடவைக்கு மேல் முழுச்சுற்று வருகின்றது. ஒவ்வொரு சுற்றிலும் நாடாவின் எந்தப் புள்ளியும் இரு சில்லுகளில் இருமுறை வளைந்து நிமிர வேண்டும். ஒரு மணி நேர வேலையில் இவ்வாறு வளைந்து நிமிர்வது ஏறக்குறைய 45,000 தடவை! கம்பித் துண்டொன்றை வளைத்து வளைத்து ஒடித்துப் பாராத சிறுவர் உளரோ? நாடா ஒடிவதன் அடிப்படையும் அதுவே.

இந்த எண்ணம் புதியதன்று. முனையற்ற நாடாவினால் மரம் அரியலாம் என்று இங்கிலாந்திலே வில்லியம் நியூபெரி என்பவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எண்ணிக் காப்புரிமையும் பெற்றார். ஆனால் நாடாவின் இரு முனைகளையும் பொருத்திய இடம் வளைதலைத் தாங்காது விட்டுப்போயிற்று. பின்னர் 1846இல் க்ரெப்பான் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி, பொருத்தைத் தாங்கச் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பின்னரே நாடாவாள் தொழிலுக்கு உதவுவதாயிற்று. அன்று நியூபெரியைத் தோற்கடித்த அந்தப் பொருத்து இன்றும் நாடாவின் மெலிந்த இடங்களுள் ஒன்றாகவே இருந்து வருகின்றது. அதனைப் பின்னர்க் காண்போம்.

மெல்லிய வாளினால் வரும் ஊதியம் பெரிது. வட்டவாள் ஒவ்வொரு முறை அரியும்போதும் ஏறக்குறைய 6 மில்லிமீற்றர் மரத்தைத் தூளாக்கும். நாடாவாள் தூளாக்குவது 2 மில்லிமீற்றர் அளவே. ஏழு முறை அரிந்தால் 28 மில்லிமீற்றர் மிச்சம். ஓர் அங்குலப் பலகையொன்று இனாமாகக் கிடைத்த கணக்கு. ஆனால் மெலிந்த வாள் எளிதில் வழிதவறும். வட்டவாள் பொறுத்துக்கொள்ளும் சிறு குறையை நாடாவாள் பொறாது. இவ்வியந்திரத்தின் நோய்களெல்லாம் இம்மெலிவிலிருந்தே பிறக்கின்றன என்றாலும் தவறாகாது.

இனிப் பழுதுக்கு வருவோம். வன்னியில் ஒரு வளவிலே பாலைமரக் குற்றியொன்றை அரிவதை அருகில் நின்று பார்க்கும் வாய்ப்பு எமக்கு ஒருமுறை கிடைத்தது. முதல் இரண்டு பலகைகள் கண்ணாடிபோல் வந்தன. நான்காவது பலகையில் மெல்லிய அலை தோன்றிற்று. ஆறாவதில் அது கையாற் தடவி உணரத்தக்க மேடும் பள்ளமுமாயிற்று. உதவிக்கு நின்ற இளைஞர், "அண்ணை, எஞ்சின் இழுக்குதில்லைப் போலை கிடக்கு" என்றார். "எஞ்சினை விடு தம்பி, தூளை ஒருக்காத் தொட்டுப் பார்" என்றார் இயந்திரக்காரர். தூள் பலகையோடு அப்பிக் கிடந்தது; தொட்டபோது சுட்டது. அவர் வேறொன்றையும் திருகவில்லை, இறுக்கவில்லை. இயந்திரத்தை நிறுத்தி நாடாவைக் கழற்றி வேறொன்றை மாட்டினார். அடுத்த பலகை நேராக வந்தது. பாலை நீரில் தாழும் வைரமரம். அதில் ஒரு நாடா கூர்மழுங்கும் காலம் வேம்பில் மழுங்கும் காலத்தினும் மிகக் குறைவு என்பதை அவர் அறிந்திருந்தார்.

அலைவெட்டுக்குக் காரணம் பத்து இருக்கலாம். ஆயினும் முதற் சந்தேகம் எப்பொழுதும் நாடாவின்மீதே விழவேண்டும். எஞ்சின் பெருஞ்சத்தமிடுவதனாலே எல்லோருடைய கண்ணும் அதன்மேற் செல்கின்றது. குற்றவாளியோ பெரும்பாலும் சத்தமின்றி ஓடும் அந்த நாடாவே. கூரிய நாடாவொன்றை மாட்டியதும் பழுது நீங்கினால் ஆராய்ச்சி அங்கேயே முடிந்தது. நீங்காவிடின் மாத்திரமே இயந்திரத்திற் கைவைக்க வேண்டும். இதை மாற்றிச் செய்வோர், மழுங்கிய நாடாவுக்கு ஏற்றபடி நல்ல இயந்திரத்தைத் திருகித் திருகிக் கெடுத்துவிட்டுப் பின்னர்க் கூரிய நாடா மாட்டியும் பயனின்றித் திகைப்பர். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றிப் பார்க்க வேண்டும் என்று ஆய்வுகூடத்திலே மாணவர்க்கு நாம் ஓயாது சொல்வது இங்கும் பொருந்தும்.

கூர் இருந்தும் அலை வருமாயின் பற்சாய்வைப் பார்க்க வேண்டும். வாளின் பற்கள் ஒன்று இடமும் ஒன்று வலமுமாகச் சிறிது சாய்க்கப்பட்டிருக்கும். அச்சாய்வு பக்கத்துக்கு அரை மில்லிமீற்றர் அளவினதே. ஆயினும் நாடாவின் உடல் மரத்தில் உராயாது செல்ல இடம் தருவது அதுவே. சாய்வு குறைந்தால் தூள் வெளியேற வழியின்றி வாளுக்கும் மரத்துக்கும் இடையே நெருங்கி, சூடேறி, பலகைமேல் அப்பிக்கொள்ளும், நாடா அலையும். சாய்வு மிகுந்தாலோ தூள் குளிர்ந்து உதிரியாய்க் கிடக்கும். பலகையில் பல்லின் கீறல்கள் வரிவரியாய்த் தெரியும். வாளின் உடலுக்கும் மரத்துக்கும் இடையேயுள்ள வெளியில் மூன்றில் இரண்டு பங்கு தூளும் ஒரு பங்கு காற்றுமாக இருப்பது நல்ல அளவு என்பர் தொழிலறிந்தோர். ஒரு பக்கத்துச் சாய்வு மட்டும் மிகுந்திருப்பின் நாடா அப்பக்கம் நோக்கியே இழுபட்டுப் போகும். அப்போது அலை இராது. மேலேறும் அல்லது கீழிறங்கும் ஒரே சரிவு இருக்கும்.

பலகையின் நடு நேராயிருந்தும் இரு முனைகள் மட்டும் கெட்டிருப்பதுண்டு. குற்றிக்குள் நுழைந்ததும் வாள் சற்று மேலேறி, நேராகச் சென்று, வெளியேறுமுன் கீழே தாழும். இது பல்லின் முன்சாய்வு அம்மரத்துக்கு மிகையாயிருப்பதைக் காட்டும் குறி. மென்மரத்துக்கு 10 பாகை முன்சாய்வு பொருந்தும். பாலை, முதிரை போன்ற வைரமரங்களுக்கு 7 அல்லது 4 பாகையே ஏற்றது. மரக்கணுவருகே வாள் எழும்பிச் செல்வதும் இதனோடு உறவுடைய பழுதே. கணு சூழவுள்ள மரத்தினும் அடர்ந்தது. அங்கே ஓட்டத்தை மெதுவாக்காவிடின் வாள் எளிய வழியை நாடி விலகும்.

பனையும் தென்னையும் வேறு வகையானவை. மற்றை மரங்களின் வைரம் உள்ளே இருக்க, இவற்றின் வைரம் வெளியே உள்ளது. நடுப்பகுதி சோற்றியாய்க் கிடக்கும். வாள் வைரத்திற் புகுந்து, மெதுமையைக் கடந்து, மீண்டும் வைரத்தின் வழியே வெளியேற வேண்டும். ஒரே வேகத்தில் தள்ளுவோர் இதில் நேர்ப்பலகை காண்பதரிது. நார்கள் பல்லின் முனையை அரம்போலத் தேய்ப்பதனால், ஸ்டெல்லைட் என்னும் கலப்புலோகத்தைப் பல்முனையில் பதித்த நாடாக்களைச் சிலர் பயன்படுத்துகின்றனர். அதனைக் கண்டவர் எல்வுட் ஹெய்ன்ஸ் என்பவர். அவரும் அதே இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்தவர் என்பது ஒரு வேடிக்கையான ஒற்றுமை.

நாடா நன்றாயிருந்தும் பழுது தொடருமானால் அடுத்துப் பார்க்க வேண்டியது இழுவிசை. தளர்ந்த வீணை நரம்பு சுருதி சேராததுபோலத் தளர்ந்த நாடாவும் நேராய் அரியாது. காலையிலே சரியாக இறுக்கிய நாடா நண்பகலில் தளர்ந்திருப்பதைக் கண்டு பலர் இயந்திரத்திலே ஒழுக்கு உண்டென ஐயுறுவர். ஒழுக்கும் இருக்கலாம், ஆனால் முதலில் வெப்பத்தைக் கணக்கிடுக. 4 மீற்றர் எஃகு நாடா 30 பாகை செல்சியசு சூடேறினால் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீற்றர் நீளும். அந்நீட்சியே இழுவிசைமானியின் முள்ளைக் கீழே இறக்கப் போதும். ஆகவே வேலையினிடையே இரண்டொருமுறை மானியைப் பார்த்துச் சரிசெய்தல் வேண்டும். மாலையில் வேலை முடிந்ததும் நாடாவைத் தளர்த்தி விடவும் வேண்டும். தளர்த்தாது விட்டால் சூடாய் இறுக்கிய நாடா இரவிற் குளிர்ந்து சுருங்கிச் சில்லின் றப்பர்ப் பட்டியிலே பள்ளம் பதிக்கும்; அச்சுத் தாங்கிகளையும் வருத்தும்.

சூட்டைத் தணிக்கத் தண்ணீர்ச் சொட்டு உண்டு. அது சொட்டுச் சொட்டாய் விழுந்தாற் போதும். வெள்ளமாய் ஓட வேண்டியதில்லை. மலைநாட்டுப் பைன் மரம்போலப் பிசின் மிக்கதாயின் தண்ணீரோடு சிறிது சவர்க்காரக் கரைசல் சேர்ப்பர். நாடாவிற் பிசின் படிந்து தடித்துவிட்டால் பற்சாய்வு இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும்.

வழிகாட்டி உருளைகளைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கேதான் கைநூலைப் படியாதவர் பெரிதும் தவறுகின்றனர். குற்றியின் இருபுறமும் ஒவ்வோர் உருளை நின்று நாடாவைத் தன் இயல்பான கோட்டிலிருந்து கால் அங்குலம் அளவு கீழே அழுத்துகின்றது. அவ்வழுத்தமே நாடாவின் நடுக்கத்தை அடக்குவது. உருளை சற்றே சாய்ந்திருப்பின் நாடாவின் பல்லோரம் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ திரும்பும். அத்திசையிலேயே வாள் ஏறும் அல்லது இறங்கும். நாடா புதிதாயிருந்தும் ஒவ்வொரு பலகையும் ஒரே திசையிற் சரியுமாயின் ஐயம் உருளைமேற் செல்லட்டும். வெளிப்புற உருளை நகரக்கூடியது. அதனைக் குற்றியின் மிக அகன்ற பகுதிக்கு ஓர் அங்குல நெருக்கத்தில் நிறுத்த வேண்டும். சிறு குற்றியை அரியும்போதும் சோம்பலினாலே அதைத் தூரத்தில் விட்டுவிடுவோர் உளர். தாங்குவாரின்றி நிற்கும் நாடா அலையாது வேறென் செய்யும்?

உருளையின் பின்விளிம்புக்கும் நாடாவின் முதுகுக்கும் இடையே 2 அல்லது 3 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். நாடா எந்நேரமும் விளிம்போடு உராய்ந்தால் அதன் முதுகு சூடேறி இறுகி முறுகலாகும்; சில நாளில் முதுகிலிருந்து வெடிப்புத் தொடங்கும். இது நாடா வாசிப்பிலே முக்கியமானதொரு குறி. ஒடிந்த நாடாவை எறிந்துவிடாது எங்கிருந்து வெடித்தது என்று பாருங்கள். முதுகிலிருந்து வெடித்திருந்தால் குற்றம் உருளையில். பல்லடிக் குழியிலிருந்து வெடித்திருந்தால், மழுங்கிய பின்னரும் நெடுநேரம் ஓட்டியது, அல்லது தீட்டும்போது குழியைத் தீட்டாது நுனியை மட்டும் தீட்டியது காரணமாகலாம். பல்நுனி நீலம் பாய்ந்திருந்தால் தீட்டுகல்லின் சூடு எஃகின் பதத்தைக் கெடுத்துவிட்டது. பொருத்திலேயே விட்டிருந்தால் அது நியூபெரி காலத்துப் பழைய கதை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரு நாடாவை ஓட்டாது கழற்றி ஆறவிட்டுத் தீட்டுதல் நல்ல பழக்கம். இன்னும் வெட்டுகின்றதே என்று ஓட்டுவது சிக்கனமாகாது.

ஓடும்போது "தக், தக்" என்று தட்டும் ஒலி கேட்பதுண்டு. அது நாடாவிலிருந்து வருகின்றதா, சில்லிலிருந்து வருகின்றதா? இதனை அறிய ஓர் எளிய உபாயமுண்டு. எஞ்சினை நிறுத்தித் திறப்பையும் கழற்றிய பின், கையுறையணிந்து சில்லைக் கையினால் மெல்லச் சுற்ற வேண்டும். சில்லின் விளிம்பிலே சுண்ணக்கட்டியால் ஓர் அடையாளம் இடுக. 19 அங்குலச் சில்லின் சுற்றளவு 60 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. நாடாவின் நீளம் 158 அங்குலம். ஆகவே நாடா ஒருமுறை சுற்றிவரச் சில்லு இரண்டரைச் சுற்றுக்குமேல் சுற்ற வேண்டும். தட்டல் ஒவ்வொரு சில்லுச் சுற்றுக்கும் ஒருமுறை வந்தால் றப்பர்ப் பட்டியிலே தூளும் பிசினும் கட்டியாய் ஒட்டியிருக்கின்றன, அல்லது பட்டி கிழிந்திருக்கின்றது, அல்லது அச்சுத் தாங்கி தேய்ந்திருக்கின்றது. இரண்டு, மூன்று சுற்றுக்கு ஒருமுறை வந்தால் நாடாவின் பொருத்து மேடாக உள்ளது, அல்லது எங்கேயோ நாடா நெளிந்துள்ளது. வகுப்பறையிலே பின்னங்களைக் கண்டு சலிப்படையும் பிள்ளைகளுக்கு இதனைக் காட்டலாம்.

றப்பர்ப் பட்டி தேய்ந்து நாடா சில்லின் உலோகத்தையே தொடும் நிலை வந்தால் நாடா சில்லின்மேல் நிலைத்து நில்லாது. முன்னே வந்து கழன்று விழவும் கூடும். பட்டி நன்றாயிருக்கவும் நாடா முன்னும் பின்னும் அலைந்தால் சில்லின் சாய்வைத் திருத்த வேண்டும். பல்லடிக் குழி சில்லின் விளிம்புக்கு வெளியே ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் நீட்டி நிற்பது பொது அளவு. இந்தத் திருத்தத்தை எஞ்சின் ஓடும்போது மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு செய்பவர் தம் விரல்களைப் பணயம் வைக்கின்றார். சுருட்டி வைத்த நாடாவை அவிழ்க்கும்போதும் அது பாம்புபோலத் துள்ளி விரியும். பிள்ளைகளை அவ்விடத்தில் நிற்க விடலாகாது.

எஞ்சினைப் பற்றியும் நீதி சொல்ல வேண்டுமன்றோ? சிலவேளை குற்றவாளி அதுவாகவே இருக்கும். காதினாலேயே பிரித்தறியலாம். வெட்டும்போது எஞ்சினின் ஒலி மாறாதிருக்க நாடாவின் வேகம் மட்டும் தளர்ந்தால், கிறீச்சென்ற ஒலியும் றப்பர் தீயும் மணமும் வந்தால், இயக்குபட்டி வழுக்குகின்றது. இறுக்கினால் தீரும், தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். எஞ்சினின் ஒலியே கம்மித் தாழ்ந்தால் காற்று வடிகட்டியைத் திறந்து பாருங்கள். மரத்தூள் பறக்கும் இடத்தில் வேலை செய்யும் எஞ்சின் அது. வடிகட்டி விரைவில் மூச்சடைக்கும். குளிர்ச்செட்டைகளிலே தூள் படிந்து எஞ்சின் கொதிப்பதும் அவ்வாறே. எரிபொருள் வடிகட்டியும் பார்க்கத் தக்கது. இவையாவும் தூய்மையாயிருந்தும் ஒலி தாழ்ந்தால் மீண்டும் முதலுக்கே வருவோம்: நாடா மழுங்கியிருக்கின்றது.

பலகை நேராக இருந்தும் ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்து வருவது வேறு வகைப் பழுது. இதிலே வாள் குற்றமற்றது. மாரிகாலத்து நிலத்தில் இயந்திரத்தின் கால் ஒன்று புதைந்து தண்டவாளம் முறுக்கேறியிருக்கும். கால்களின்கீழ்ப் பலகைத் துண்டுகளை இட்டு மட்டம் பார்த்தல் வேண்டும். சங்கிலியினால் ஏறி இறங்கும் வாள்தலையாயின், அளவைக் கடந்து கீழே போய்விட்டதென்று சிறிது மேலே உயர்த்தி நிறுத்துவது பிழை. நன்றாக உயர்த்திப் பின்னர் இறக்கிக்கொண்டு வந்தே அளவில் நிறுத்த வேண்டும். இன்றேல் சங்கிலியின் தளர்ச்சி அளவைப் பொய்யாக்கும்.

குற்றியே வளைந்தெழுவதும் உண்டு. சரிவில் அல்லது ஒருபுறம் சாய்ந்து வளர்ந்த மரத்தினுள்ளே இறுக்கங்கள் உறைந்து கிடக்கும். ஒரு பக்கத்திலிருந்தே பலகை எடுத்துக்கொண்டு போனால் அவ்விறுக்கம் அவிழ்ந்து, மிஞ்சிய குற்றி வில்லாய் வளைந்து படுக்கையை விட்டு எழும்பும். நடுப்பகுதியிலே பலகையின் கனம் மாறிப்போகும். குற்றியைப் புரட்டிப் புரட்டி இருபுறமும் மாறிமாறி எடுப்பதே பரிகாரம். "மரம் அப்படிப்பட்டது" என்ற பேச்சு ஓரளவுக்கேனும் உண்மையாவது இந்த ஓரிடத்திலே தான். இங்கும் அரிபவரின் பொறுப்பு நீங்கியதாகாது.

நிற்க. இதுவரை சொன்னவை எந்த நாட்டிலும் நிகழ்பவை. வடக்கிலும் கிழக்கிலும் மரம் அரிவோர்க்கு வேறொரு கவலையும் உண்டு. அது மரத்தினுள்ளே மறைந்து கிடக்கும் இரும்பு.

கதியால் வேலியிலே முட்கம்பி அறைந்த ஆணி, கொடி கட்ட அடித்த ஆணி, விளக்கு மாட்டிய கொளுக்கி ஆகியவற்றை மரம் ஆண்டுதோறும் பருத்து விழுங்கிவிடுகின்றது. மரம் உயர்வது நுனியிலிருந்தே. ஆகையால் நெஞ்சளவில் அடித்த ஆணி ஐம்பது ஆண்டின் பின்னரும் நெஞ்சளவிலேயே இருக்கும். உள்நோக்கித்தான் மறையும். எனவே அடிக்குற்றியின் முதல் ஆறடியிலே ஐயம் மிகுதி. துவர்ப்புச் சத்து மிக்க மரத்திலே இரும்பைச் சுற்றி நீலக்கறுப்புக் கறை படரும்; குற்றியின் வெட்டுமுகத்திலே அக்கறை தெரிந்தால் உள்ளே இரும்பு உண்டென்று கொள்க. ஈயமோ பித்தளையோ அவ்வாறு கறை செய்யாது.

1983 தொடக்கம் 2009 வரை நிகழ்ந்த போர், நிலத்திற் போலவே மரத்திலும் தன் எச்சங்களை விட்டுச் சென்றது. எறிகணைச் சிதறலும் துப்பாக்கிச் சன்னமும் ஆணியைப்போல நெஞ்சளவில் நிற்பனவல்ல, எவ்வுயரத்திலும் இருக்கலாம். பட்டை மூடி ஆறிய பழந்தழும்பொன்றே வெளிக்குறி. இத்துன்பம் எமக்கு மட்டும் உரியதன்று. 1914 முதல் 1918 வரை போர் நடந்த பிரான்சின் வடகிழக்குக் காடுகளிலே வளர்ந்த மரங்களைச் சல்லடையாய்த் துளைக்கப்பட்ட மரம் என்ற பொருளில் வழங்கும் தனிப்பெயராலேயே அந்நாட்டார் குறித்தனர். உலோகம் பொதிந்த அம்மரத்தின் விலையும் தாழ்ந்தது.

செக்கனுக்கு 25 மீற்றர் ஓடும் நாடா ஒரு சிதறலைத் தொட்டால் பற்கள் ஒரு கணத்தில் மழுங்கும். சிலவேளை நாடா ஒடிந்து மூடிக்குள் மோதும். அடுத்து வரும் பலகையில் திடீரென ஒரு சரிவு தொடங்கி முடிவுவரை செல்லும். ஒரு பக்கத்துப் பற்கள் மட்டும் மழுங்கியதன் அடையாளம் அது. இவ்வேளையில் வாள் குற்றிக்குள் இறுகி நின்றுவிட்டால் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு பின்னே இழுப்பது நாடாவைச் சில்லிலிருந்து கழற்றிவிடும். முதலில் எஞ்சினை நிறுத்தி, அரிந்த வழியிலே ஆப்பு வைத்துத் திறந்து, பின்னர் மெல்லப் பின்னே கொண்டுவருதல் வேண்டும்.

கையிற் பிடித்துச் செல்லும் உலோகம் காணும் கருவிகள் உள. அவற்றின் விலை சில நாடாக்களின் விலைக்கு ஒப்பாகலாம். போர் நடந்த இடத்து மரம் அரிபவருக்கு அது வீண்செலவன்று என்பது எமது துணிபு. ஒவ்வொரு பக்கமும் அரியுமுன் குற்றியைப் புரட்டிப் புரட்டிப் பார்க்க வேண்டும்; ஆழத்திற் கிடப்பதை வெளியிலிருந்து ஒரேமுறை பார்த்து அறிய இயலாது. காணப்பட்ட உலோகம் ஆணியா, வேறொன்றா என்று தெரியாத பொழுது உளியும் சுத்தியலும் கொண்டு தோண்ட முற்படலாகாது. வெடிபொருளென்று சிறிதளவேனும் ஐயம் எழுந்தால் அனைவரும் விலகி நின்று உரிய அதிகாரிகளுக்கு அறிவித்தல் வேண்டும். பலகை போனாற் போகட்டும்.

இன்னொன்று. மரத்திலுள்ள இரும்பினால் கெட்ட நாடாவின் விலையை யார் கொடுப்பது? மேல்நாடுகளிலே மரத்துக்கு உரியவரே கொடுப்பதைப் பல அரிவோர் முன்கூட்டியே நிபந்தனையாக்கிக் கொள்கின்றனர். எம்மவரிடையே இது பேசப்படாமலே வேலை தொடங்குகின்றது. இடையிலே நாடா ஒடிந்ததும் பேச்சும் முறிகின்றது. இயந்திரம் படலையடிக்கு வந்ததும், குற்றி எங்கே நின்ற மரத்தினது, வேலிக் கதியாலாக நின்றதா, போர்க்காலத்தில் அவ்வளவிலே எறிகணை விழுந்ததுண்டா என்பவற்றை வீட்டுக்காரர் உள்ளபடி சொல்லிவிடட்டும். எத்தனை நாடாக்கள் தீட்டி ஆயத்தமாக உள்ளன என்பதை இயந்திரக்காரரிடம் கேட்டுக்கொள்ளட்டும். ஒரேயொரு நாடாவோடு வந்திருப்பவராயின் அன்றைய வேலையை மற்றொரு நாளைக்கு ஒத்திவைப்பதே நல்லது.